பதினோரு பாட்டிலும் ஒரு குளியல் டிக்கெட்டும்

வெளிநாடு போய் வந்தவர்கள் ஜெபக் கூட்டத்தில் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று லில்லி டீச்சர் சொன்னார். எனக்கு எழுந்து நின்றாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். அஞ்சாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னபோது அடைத்தது, இன்னும் திறக்கவில்லை. எழுதித் தருகிறேன் டீச்சர் என்றேன். சரி, பங்குக் கோவில் இதழில் போடலாம், ஆனால் எதையும் விடாமல் எழுத வேண்டும் என்றார். எதைச் சொல்கிறார் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மகள் ஜெசி ஆஸ்திரியா நாட்டில் ஒரு மலையூரில், முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். அந்த ஊர்ப் பெயர் ‘பாட்’ என்று தொடங்கும். பாட் என்றால் அவர்கள் பாஷையில் குளியலாம். மீதிப் பெயரை நான் எழுதினால் தப்பாகிவிடும். அங்கே மலைக்குள்ளிருந்து சுடுதண்ணீர் தானாக வருகிறது. கை கால் வலிக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வந்து அதில் இறங்குகிறார்கள். வசதியானவர்கள் போகிற ஊர். இங்கே நீலசந்திராவில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிற நான் அங்கே பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன்.

விமான டிக்கெட் ஜெசி போட்டது. தங்கியது அவள் அறையில். மீதியெல்லாம் என் செலவு என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். பொம்மசந்திராவில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள் நான். சட்டையைப் புரட்டித் தையல் பார்ப்பேன், தொங்குகிற நூலை வெட்டுவேன். தையல் நேராக இருந்தால் பாஸ், கோணியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்த வேலையில் சேர்ந்த பி.எஃப். பணத்தில் முப்பதாயிரம் ஒதுக்கினேன்.

“யூரோவுக்கு நூறு ரூபான்னு வெச்சிக்க மம்மி, கணக்கு ஈஸி,” என்றாள் ஜெசி போனில்.

அப்படியானால் முந்நூறு யூரோ. நாளுக்கு இருபத்தஞ்சு. ஒரு நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பத்தி பிரித்தேன். சாப்பாடு, காபி, பஸ், கக்கூஸ், சாமான். குளியல் என்று ஒரு பத்தி போட்டு அதில் பூஜ்யம் எழுதினேன். மூன்று மணி நேரம் சுடுதண்ணீரில் உட்கார முப்பத்திரண்டு யூரோவாம். மூவாயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்துக் குளிக்க எனக்கென்ன பைத்தியமா. தவிர, அதற்கு நீச்சல் உடை போட வேண்டும். நைட்டிமேல் துண்டு போடாமல் நான் வாசல் குழாய்க்குக்கூடப் போனதில்லை.

புறப்படுவதற்கு முந்தின வாரம் அன்பியக் கூட்டம் நடந்தது. எங்கள் தெருவில் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் ஜெபமாலை சொல்லுகிற கூட்டம். முடிவில் லில்லி டீச்சர் என் பயணத்துக்காக ஜெபிக்கச் சொல்லி, ஜெசி அனுப்பியிருந்த செய்தியையும் வாசித்தார். மலையில் ஊற்று, சுடுதண்ணீர், முட்டி வலிக்கு நல்லது, பல தலைமுறையாக ஜனங்கள் வருகிறார்கள். வாசித்து முடித்ததும் இரண்டு மூன்று பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

“அங்க எந்த மாதா?” என்றாள் பிலோமினா.

அங்கே மாதா கோவில் இல்லை, டிக்கெட் கவுன்டர்தான் இருக்கிறது என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் என் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலிருந்து பாட்டில்கள் வர ஆரம்பித்தன. வேளாங்கண்ணிக்கு யாராவது போனால், போக முடியாதவர்கள் காணிக்கை கொடுத்தனுப்புவார்கள். போனவர்கள் எண்ணெயும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த வழக்கத்தை என் பயணத்துக்கும் வைத்துவிட்டார்கள். காலி அரை லிட்டர் பாட்டில், அதன்மேல் மார்க்கரில் பெயர், உள்ளே சுருட்டிய ரூபாய் நோட்டு. ஐம்பது, நூறு, இருநூறு. பதினோரு பாட்டில் சேர்ந்தது. ஒவ்வொன்றையும் வாங்கி “சரி” என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் தொண்டை அடைக்கவில்லை.

கடைசியாக வந்தவள் பிலோமினா. அவள் பாட்டிலில் ஐந்நூறு ரூபாய் இருந்தது. அவள் புருஷன் மைக்கேல் பெயின்ட் அடிக்கிறவர். சாரம் சரிந்து விழுந்து முட்டி உடைந்து இரண்டு மாதமாகக் கட்டிலில் இருந்தார். ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், தள்ளிப் போட்டால் கால் மடங்காமல் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிலோமினாவின் அண்ணன் ஆபரேஷன் மேஜையிலேயே போனவர். அதற்குப் பிறகு அந்த வார்த்தையே அவளுக்கு ஆகாது.

“இவுருக்கு மட்டும் முட்ட முட்ட புடிச்சிக்கினு வாக்கா,” என்றாள்.

அதற்கும் சரி என்றேன்.

அந்த ஊரில் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குளிர் பல் இடுக்கு வரை போயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் வீட்டுக் கூரைக்கு மேல் மலை, மலைக்கு மேல் பனி. தெருவில் ஒரு ஆள் இல்லை. கடை எல்லாம் சாத்தியிருந்தது. நம் ஊரில் பந்த் அன்றுகூட இரண்டு பையன்கள் நடுரோட்டில் கிரிக்கெட் ஆடுவார்கள். அங்கே ஆற்றின் சத்தம் மட்டும்தான். நடைபாதையோரம் ஒரு கம்பி மூடியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. யாரோ கீழே இட்லிப் பானை வைத்திருக்கிற மாதிரி. கை காட்டிச் சூடு பார்த்தேன்.

நோட்டில் எழுதிய முதல் செலவு, ரயில் நிலையக் கக்கூஸுக்கு ஐம்பது சென்ட். ஐம்பது ரூபாய். உள்ளே போனதும், இதில் ஒரு குடும்பமே குடியிருக்கலாம் என்று தோன்றியது. அவ்வளவு சுத்தம்.

இரண்டாம் நாள் ஜெசி காபி கடைக்குக் கூட்டிப்போனாள். ஒரு காபி நாலரை யூரோ. கூடவே சின்ன தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரும் வைத்தார்கள். நம் ஓட்டலில் குடித்து முடிக்கும் முன்பே மேஜை துடைக்கிறவர் நம் கையையும் சேர்த்துத் துடைத்துவிடுவார். இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானூற்று ஐம்பது ரூபாய் காபிக்கு இல்லை, நாற்காலிக்கு என்று புரிந்துகொண்டேன். சாப்பாட்டுக்கு ஒரு சூப் வந்தது. நடுவில் பழைய ரொட்டியைப் பிசைந்து பிடித்த பெரிய உருண்டை. கொழுக்கட்டை வழி தெரியாமல் ரசத்தில் விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் அந்தக் குளிருக்கு வயிற்றில் நன்றாக உட்கார்ந்தது.

சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒரு மெஷின் பார்த்தேன். காலி பாட்டிலைப் போட்டால், வாங்கும்போது அதற்காகக் கட்டிய கால் யூரோவைத் திருப்பித் தருகிறது. கோட்டு போட்ட கனவான்களும் வரிசையில் நின்று போடுகிறார்கள். எனக்கு ஆசை வந்து, பையிலிருந்த எதிர்வீட்டு லூர்துமேரியின் பாட்டிலை உள்ளே விட்டுப் பார்த்தேன். மெஷின் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டது.

“அது நீலசந்திரா பாட்டில் மம்மி, அதுக்கு விசா இல்ல,” என்றாள் ஜெசி.

மூன்றாம் நாள் அவளுக்கு வேலை. இல்லத்துக்கு நீயே பஸ்ஸில் வந்துவிடு, ஏழாவது ஸ்டாப் என்றாள். அந்த பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. இறங்க வேண்டியவர்கள் கம்பியில் இருக்கிற சிவப்பு பட்டனை அழுத்த வேண்டும். நான் ஸ்டாப்புகளை விரல் விட்டு எண்ணினேன். ஏழாவது வந்தது. பட்டனை அழுத்தினால் டிங் என்று சத்தம் வரும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். வேறு யாராவது அழுத்தட்டும் என்று இருந்துவிட்டேன். யாரும் அழுத்தவில்லை. பஸ் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நானும் டிரைவரும் மட்டும்தான் மிச்சம். பள்ளத்தாக்கின் முடிவில், நாலு மாடும் ஒரு கொட்டகையும் இருக்கிற இடத்தில் வண்டி நின்றது.

டிரைவர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். என்னை ஒன்றும் கேட்காமல் படிக்கட்டில் உட்காரச் சொல்லி, ஆப்பிளை இரண்டாக வெட்டிப் பாதி கொடுத்தாள். போனில் அவள் பேரனைக் காட்டினாள். நான் இல்லத்து வாசலில் நர்ஸ் உடுப்பில் நிற்கிற ஜெசியைக் காட்டினேன். திரும்பும்போது சரியான ஸ்டாப்பில் தானே நிறுத்தி, திரும்பி என்னைப் பார்த்துச் சத்தமாக ஏதோ சொன்னாள். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒரு டிங்குக்குப் பயந்து இத்தனையும்.

நாலாம் நாள் ஊற்றுத் தண்ணீர் பிடிக்கப் போனோம். குளியல் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம், அதில் பித்தளைக் குழாய். இலவசம். குடித்துப் பார்த்தேன். இளஞ்சூடு, ஆணியைச் சப்பின மாதிரி ருசி. என் பதினோரு பாட்டிலையும் வரிசையாக வைத்தபோது, எனக்கு முன்னால் ஒரு கிழவி தள்ளுவண்டி நிறைய பாட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெயர் ஹெர்த்தா. எழுபத்தொன்பது வயதாம். என் பாட்டில்களில் எழுதியிருப்பது என்னவென்று கேட்டாள். பெயர்கள் என்று ஜெசி சொன்னாள். அவள் சிரித்து, தன் பாட்டில் ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். அதிலும் ஒரு பெயர் எழுதியிருந்தது.

“மூணாவது மாடியில் இருக்கிறவளுக்கு. இறங்க முடியாது. கொண்டு போகாவிட்டால் ஜன்னலிலிருந்து திட்டுவாள்,” என்று அவள் சொன்னதை ஜெசி எனக்குச் சொன்னாள். செவ்வாய்க்கிழமைதோறும் தோழிகளோடு குளிக்க வருவோம், நீயும் வா என்றும் கூப்பிட்டாள். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன்.

பாட்டிலிலிருந்து எடுத்த காணிக்கைதான் இன்னும் கைக்குட்டையில் கட்டியபடியே இருந்தது. ஊர்ச் சர்ச் உண்டியலில் போடலாம் என்று மாற்றப் போனால், வங்கிக்காரர் பிலோமினாவின் ஐந்நூறு ரூபாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரூபாய் அங்கே செல்லாது. என் பணத்தில் ஒரு யூரோ போட்டுப் பதினோரு பேருக்கும் சேர்த்து ஒரே மெழுகுவர்த்தி ஏற்றினேன். சாமான் பத்தியில் எழுதிக்கொண்டேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் பிலோமினா போன் செய்தாள்.

“தண்ணி புடிச்சிட்டியாக்கா?”

“புடிச்சிட்டேன்.”

“அப்பாடா. ஆஸ்பத்திரில வர்ற வியாழக்கெழம ஆபரேஷன்னு டேட் குடுத்துட்டாங்க. நான் போயி வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். நீதான் தண்ணி எடுத்தாறியே, எதுக்கு கத்தி?”

அந்த தேதி அரசாங்க மருத்துவ அட்டையில் கிடைத்தது. விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

“பிலோமி, இது கோவில் இல்ல. குளிக்கிற எடம்,” என்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன்.

“கோவில் இல்லாட்டி இன்னாக்கா? மாதா கோவில் கட்டுன எடத்துலயா காட்சி குடுத்துது? மலையிலதான். மலைக்குள்ள யாரு அடுப்பு வெச்சி தண்ணி காய வெக்கிறாங்க, நீயே சொல்லு.”

நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாள். அந்த ஊரில் நிஜமாகவே ஒரு மாதா கோவில் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

ஜெசியிடம் சொன்னேன். கூட்டம் நடந்த அன்று வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்துத்தான். அவள் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“நீ உள்ள போயி பாத்தாத்தான் மம்மி அவங்களுக்கு சொல்ல முடியும். வெளிய குழாய் மட்டும் பாத்துட்டு இன்னா சொல்லுவ?” என்றாள்.

நோட்டை எடுத்துக் குளியல் பத்தியில் பூஜ்யத்தை அடித்து முப்பத்திரண்டு என்று எழுதினேன். மீதி நாளெல்லாம் காபி பத்தியில் பூஜ்யம் வந்தது. ஜெசியோடு வேலை செய்கிற பிலிப்பைன்ஸ் பெண் அரைக்கை வைத்து முட்டிவரை வருகிற கறுப்பு உடை ஒன்றைக் கொடுத்தாள்.

உடை மாற்றும் அறைக்குள் பத்து நிமிஷம் நின்றேன். முட்டிக்குக் கீழே என் காலை நானே வெளிச்சத்தில் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, குனிந்த தலை நிமிராமல் ஒரு கண்ணாடிக் கதவைத் தள்ளப் போனேன். ஜெசி பிடித்து இழுத்தாள்.

“அது ஆவி ரூம் மம்மி. அங்க துணி போடக்கூடாது.”

“கூடாதா?”

“கூடாது. போட்டா திட்டுவாங்க.”

அதற்குப் பிறகு நான் போட்டிருந்தது எனக்குப் புடவை மாதிரி ஆகிவிட்டது.

தண்ணீர் நல்ல சூடு. கழுத்துவரை இறங்கியதும், இருபத்திரண்டு வருஷம் நின்ற கால் இரண்டும் மேலே ஆளே இல்லாத மாதிரி லேசாகிவிட்டது. முப்பத்திரண்டு யூரோவில் பாதிக்கு நியாயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கூரை பாதி திறந்திருந்தது. தலைக்கு மேல் பனி மலை, கழுத்துக்குக் கீழே வெந்நீர். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான்தான் எல்லோரையும் பார்த்தேன், அதுவும் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டுக் காலைப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது.

கரையில் ஹெர்த்தாவும் அவள் தோழிகளும் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முட்டியிலும் மேலிருந்து கீழாக ஒரு தையல் தழும்பு. அடுத்தாற்போல் ஒரு தாத்தா, அவருக்கும் இருந்தது. படியில் இறங்குகிற அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும். எனக்குத் தையல் பார்த்துப் பழக்கம். சிலருக்கு நேராக, சிலருக்குக் கொஞ்சம் கோணலாக, ஒருவருக்குப் பிரித்துத் தைத்த மாதிரி. எண்ண ஆரம்பித்தேன். பதினாலு வரை எண்ணினேன்.

ஜெசியை விட்டுக் கேட்டேன். ஹெர்த்தா தன் முட்டியைத் தட்டிச் சொன்னதை ஜெசி அப்படியே சொன்னாள்.

“தண்ணீர் எலும்பைச் சரிபண்ணாது, கண்ணு. எலும்பை டாக்டர் சரிபண்ணினார். தண்ணீர் அதற்கப்புறம் நடக்கக் கற்றுக்கொடுத்தது.”

இதை போனில் சொன்னால் பிலோமினா நம்பமாட்டாள், கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஜெசி போனை எடுத்ததும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஓடிவந்தார். குளத்துப் பக்கம் போட்டோ கூடாதாம். ஜெசி விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்து, உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியில் ஒரு பெஞ்சைக் காட்டினார். ஹெர்த்தாவும் ஒரு தோழியும் எழுந்து கூடவே வந்து, என்னை நடுவில் உட்காரவைத்து, மேலே போட்ட குளியல் அங்கியை முட்டிக்கு மேல் தூக்கிக்கொண்டார்கள்.

“மம்மி, துண்டை எடு. நாலு முட்டிக்கு நடுவுல கம்பளி மூட்டையாட்டம் இருக்க.”

எடுத்தேன். அந்த போட்டோவில் நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பது அதனால்தான்.

ஜெசி அதை அன்பியத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். நம் ஊரில் அப்போது சாயங்காலம். லில்லி டீச்சர் வீட்டில் ஜெபமாலை நடந்துகொண்டிருந்ததாம். ஐந்து பகுதியில் நாலாவது தேவ ரகசியம் சொல்லும்போது எல்லார் மடியிலும் போன் ஒரே நேரத்தில் சத்தம் போட்டதாம். அஞ்சாவது ரகசியத்தை ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று டீச்சர் பிற்பாடு சொன்னார்.

அரை மணி நேரத்தில் பிலோமினா கூப்பிட்டாள். அவள் சிரிக்கவில்லை.

“நடுவுல நீயாக்கா?”

“நான்தான்.”

“பக்கத்துல இருக்கிற அம்மாவுக்கு முட்டில கோடு போட்டுக்கீதே, அது ஆபரேஷனா?”

“ஆமா. ரெண்டு காலும்.”

“இவ்ளோ தண்ணி கீற ஊர்லயே எதுக்கு ஆபரேஷன்?”

“அத முடிச்சிட்டுத்தான் பிலோமி தண்ணிக்கே வர்றாங்க. எல்லாரும். நான் எண்ணிப் பாத்தேன்.”

அவள் போட்டோவை மறுபடி பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அந்த அம்மா படி ஏறுதா?”

“என்ன விட வேகமா ஏறுது.”

“காலைல ஆஸ்பத்திரி வாசல்ல போயி நிக்கிறேன். டேட் வேற யாருக்காவது குடுத்திருந்தாங்கன்னா இன்னா பண்றதுன்னு தெரியலக்கா,” என்றாள்.

புதன்கிழமை போன் வரவில்லை. நானாகக் கூப்பிடப் பயம். வியாழக்கிழமை ஜெசி என்னைக் கம்பியில் தொங்கிப் போகிற வண்டியில் மலை உச்சிக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்து மூன்று நாடு தெரியுமாம். நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கும்போது லில்லி டீச்சரிடமிருந்து ஒரு வரி வந்தது. மைக்கேலைக் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள், வெளியே வந்துவிட்டார், கண் திறந்து டீ கேட்கிறார். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு சீனாக்காரம்மா எனக்குக் கைக்குட்டை கொடுத்தார்.

ஊர் திரும்பிப் பதினோரு வீட்டுக்கும் நானே போனேன். பாட்டிலையும் காணிக்கைப் பணத்தையும் கையில் கொடுத்து, அங்கே மாதா கோவில் இல்லை, தெரிந்தும் நான் சொல்லவில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். பதினோரு முறை சொல்வதற்குள் தொண்டை கொஞ்சம் பழகிவிட்டது. லூர்துமேரி மட்டும், “போட்டோ பாத்தப்பவே தெரிஞ்சிப்போச்சி, மாதா கோவில்ல உன்ன அந்த டிரெஸ்ல விடுவாங்களா,” என்றாள். கணக்கு நோட்டில் மிச்சம் ஒன்பது யூரோ. போக நினைக்கிறவர்கள் குளியல் பத்தியில் பூஜ்யம் போடாதீர்கள். அதைக் காபி செலவில் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

போன வாரம் கூட்டம் பிலோமினா வீட்டில். மைக்கேலுக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. வாக்கர் பிடித்து வாசல்வரை வந்து எங்களைக் கூப்பிட்டார். ஜெபம் முடிந்ததும் பிலோமினா அலமாரியிலிருந்து அந்த பாட்டிலை எடுத்தாள். மூடி இன்னும் திறக்கவில்லை. “இப்பதானக்கா இதுக்கு முறை?” என்று கேட்டுவிட்டு, ஒரு டப் வெந்நீரில் பாதி ஊற்றினாள்.

“மேரியக்கா, நீங்க பாத்து சொல்லுங்க,” என்று மைக்கேல் என் பக்கம் திரும்பி லுங்கியை முட்டிக்கு மேல் ஏற்றினார்.

பழக்க தோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு திரும்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிட்டே குனிந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். கோணல் இல்லை, சுருக்கம் இல்லை, ஒரே சீராக இறங்கியிருந்தது.

பாஸ் என்று சொன்னேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.